உருகிய குட்டைக்குள் வளரும் காடு: ஒரு கணக்கு பிறந்த கதை

வீட்டில் பழைய ஜி.ஐ. வாளி கிடந்தால் எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். துத்தநாகம் பூசிய அதன் பக்கம் முழுக்கத் திட்டுத் திட்டாகப் பூ விழுந்திருக்கும். ஒரு திட்டு வெள்ளி மாதிரி மின்னும். வாளியைக் கொஞ்சம் சாய்த்தால் அது மங்கிப்போய், பக்கத்துத் திட்டு மின்னத் தொடங்கும். ஒவ்வொரு திட்டும் ஒரு படிகம். உருகிய துத்தநாகம் தகட்டின் மேல் ஆறும்போது அங்கங்கே ஒரு கரு விழுந்தது. ஒவ்வொரு கருவும் தனக்கென்று ஒரு திசை பிடித்து வளர்ந்தது. வளர்ந்தவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட கோடுதான் நாம் பார்க்கும் எல்லை. வாளியில் கண்ணுக்குத் தெரிகிறது, மற்ற சாமான்களில் தெரிவதில்லை, அவ்வளவுதான். சைக்கிள் செயின், ரயில் தண்டவாளம், அடுப்படிப் பித்தளைக் குடம் எல்லாமே உள்ளே இப்படித்தான். பட்டறையில் இதைக் கிரெய்ன் என்பார்கள். நான் மணி என்கிறேன், நெல்மணியை மனதில் வைத்து.

மணிகளின் உருவம், அளவு, திசை, அவற்றின் இடுக்குகளில் ஒதுங்கி நிற்கும் சரக்கு, இவ்வளவும் சேர்ந்ததுதான் நுண்ணமைப்பு. ஒரே உலைச் சரக்கில் ஊற்றிய இரண்டு துண்டுகளில் ஒன்று வளைந்து கொடுக்கிறது, இன்னொன்று விரிசல் விடுகிறது என்றால், காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

இப்போது உலோகத்தை அச்சிடுகிறார்கள். மாவு போன்ற உலோகப் பொடியை 40 மைக்ரான் அளவுக்கு மெல்லிய அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்குகிறார்கள். அது உறைந்ததும் மேலே இன்னொரு அடுக்குப் பொடி, மறுபடி லேசர். தலைமுடியின் தடிமனே உள்ள ஒளிப்புள்ளி நொடிக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் ஓடுகிறது. அதன் காலடியில் ஒரு சின்னக் குட்டை உருகி, நொடிக்கு லட்சம் முதல் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிர்ந்து, கண் இமைப்பதற்குள் உறைந்துவிடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ராக்கெட்டின் எஞ்சின் இப்படி ஒரே துண்டாக அச்சிடப்பட்டதுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடுக்குக்கு 40 மைக்ரான், வரிக்கு வரி 100 மைக்ரான் இடைவெளி என்று வைத்தால், ஒரு கன சென்டிமீட்டர் கட்டிக்கு 250 அடுக்குகள் வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் லேசர் ஒரு மீட்டர் ஓடும். ஆகச் சுண்டுவிரல் நுனி அளவு உலோகத்துக்குக் கால் கிலோமீட்டர் ஓட்டம். அந்த ஓட்டத்தில் உருகி உறைந்த ஒவ்வொரு புள்ளியிலும் என்ன மணி விளையும், எந்தத் திசையில் விளையும் என்று, பொடியைத் தொடும் முன்பே சொல்லிப் பார்க்கும் கணக்கு ஒன்று இன்று இருக்கிறது. அது பிறந்த கதைதான் இது. புது எந்திரம் வந்தால் அதற்கான அறிவும் அதோடு புதிதாக வந்து இறங்கியது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கணக்கின் முக்கியமான உறுப்புகள் எல்லாம் அச்சு எந்திரத்துக்கு முன்பே பிறந்தவை. வெல்டிங்காரர்களும் வார்ப்படக்காரர்களும் பட்ட கவலையில் பிறந்தவை. அவர்கள் பெயர் இந்தக் கதையில் வர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே இருப்பதைப் பார்க்க ஒரு கண் வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் எஃகுக்கும் கத்திக்கும் பேர்போனது. அங்கே பிறந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி பாறைகளை மெல்லிய சீவல்களாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர். 1863இல் அதே புத்தியை எஃகின் மேல் திருப்பினார். மெருகேற்றி, அமிலம் தொட்டு, நுண்ணோக்கியில் வைத்தார். ஒரு ரயில் விபத்து நடந்து, தண்டவாளத்தை நுண்ணோக்கியில் பாருங்கள் என்று அந்த நாளில் சொல்லியிருந்தால் தன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

அவர் செய்ததை இன்றும் உலோகவியல் மாணவர்கள் முதல் ஆண்டுகளிலேயே செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். உப்புத்தாளில் தேய்ப்பதுதான் பெரிய வேலை. சொரசொரப்புத் தாளில் தொடங்கி ஒவ்வொரு தாளுக்கும் துண்டைக் கால்வட்டம் திருப்பி, முந்தைய கீறல் மறையும்வரை தேய்க்க வேண்டும். கடைசியில் ஈரத்துணிச் சக்கரத்தில் பிடித்தால் முகம் தெரியும் கண்ணாடியாகிவிடும். அதை நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. வெறும் வெள்ளை. பிறகு சாராயத்தில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டாலில் சில நொடி முக்கி எடுப்போம். கண்ணாடி லேசாக மூச்சுப்பட்டதுபோல் மங்கும். அந்த நொடியில் தண்ணீரில் அலசிவிட வேண்டும், தாமதித்தால் கருகிவிடும். மறுபடி வைத்துப் பார்த்தால் வயல்வரப்புபோல மணிகளும் எல்லைகளும் விரிந்து கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இரும்பு என்று நான் அதுவரை நினைத்திருந்தது வேறு ஏதோ.

பார்த்தாகிவிட்டது, சரி. ஏன் இப்படி விளைந்தது என்று கேட்டால் வெப்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வெல்டிங் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா ஆணியடித்துக் கப்பல் கட்டுவதை விட்டுப் பற்றவைத்துக் கட்டத் தொடங்கியது. 1943 ஜனவரி 16 அன்று ஓரிகான் மாநிலத்துப் போர்ட்லாந்தில், அலையில்லாத தண்ணீரில், புதிதாகக் கட்டி நிறுத்தியிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் நடுவில் பிளந்தது. எஃகின் தரமும் குற்றவாளி, வெல்டிங்கின் குறைகளும் குற்றவாளி. நெருப்பு ஓடிய கோட்டின் ஓரத்தில் உலோகத்துக்கு என்ன ஆகிறது என்பது அன்று உயிர்ப் பிரச்சினை.

அந்தக் கப்பல் பிளப்பதற்கு முன்பே, 1941இல், டேனியல் ரோசந்தால் என்ற பொறியாளர் வெல்டிங்கின் வெப்பம் எப்படிப் பரவும் என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதி வெளியிட்டிருந்தார். 1946இல் அதை இன்னும் விரிவாக்கினார். அவர் செய்த எளிமைதான் அதன் அழகு. நெருப்பு ஓடுகிறது, தகடு நிற்கிறது என்று பார்க்காமல், நெருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் சுற்றியுள்ள வெப்பத்தின் உருவம் மாறாமல் நிற்கும், படகில் இருப்பவனுக்குப் படகு கிழிக்கும் அலை கூடவே வருவதுபோல. முன்னால் வெப்பம் நெருக்கமாக, பின்னால் வால்நட்சத்திரம்போல நீண்டு. நெருப்பின் பலம், ஓடும் வேகம், உலோகத்துக்குள் வெப்பம் பாயும் குணம் ஆகியவை தெரிந்தால் எந்தப் புள்ளியிலும் வெப்பநிலை எவ்வளவு என்று காகிதத்திலேயே சொல்லலாம். நெருப்பை அளவே இல்லாத ஒரு புள்ளியாக வைத்ததால் நடுமையத்தில் கணக்கு உடைந்துபோகும். கொஞ்சம் தள்ளி வந்தால் நன்றாகவே பொருந்தும். லேசர் அச்சின் குட்டையை முதல் பார்வையில் மதிப்பிட இன்றைக்கும் பலர் கையில் எடுப்பது இந்தச் சமன்பாட்டைத்தான்.

இரண்டாவது உறுப்பு உறைதல். இதற்குக் குச்சி ஐஸ் போதும். சின்ன வயதில் சேமியா ஐஸ், கலர் ஐஸ் வாங்கி உறிஞ்சியவர்களுக்குத் தெரியும்: உறிஞ்ச உறிஞ்சக் கலரும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடும், கையில் மிஞ்சுவது வெள்ளைப் பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது சர்க்கரையைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை, வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்டது பனிக்கட்டிகளின் இடுக்கில் தங்குகிறது. உலோகக் கலவையும் இப்படியே. உறையும் முகப்பு, தனக்கு ஒவ்வாத தனிமத்தை முன்னால் இருக்கும் திரவத்தில் தள்ளிவிடும். உப்புத் தண்ணீர் எளிதில் உறையாததுபோல, அந்தச் சரக்கு சேர்ந்த திரவம் உறையக் கூடுதல் குளிர் கேட்கும். டொரான்டோவில் புரூஸ் சால்மர்ஸும் அவரோடு இருந்த டில்லர், ஜாக்சன், ரட்டர் ஆகியோரும் 1953இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வெப்பநிலைச் சரிவு போதுமான அளவு செங்குத்தாக இருந்தால் முகப்பு சமதளமாக நகரும். இல்லாவிட்டால் கலையும். பத்து ஆண்டுகள் கழித்து மல்லின்ஸும் செகெர்காவும் அந்தக் கலைதல் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கணிதமாக்கினார்கள். முகப்பில் எங்காவது ஒரு சிறு புடைப்பு துருத்தினால் அது நெரிசலைத் தாண்டிப் போய் இன்னும் வேகமாக வளரும், புடைப்பு விரலாகும், விரல் கிளைவிடும்.

கிளைவிட்டது மரம். கிரேக்கச் சொல்லை வைத்து டெண்ட்ரைட் என்கிறார்கள். உலோகம் உறைவது என்றால் ஒரு காடு வளர்வதுதான். இரும்பு, நிக்கல், அலுமினியம் போன்றவற்றில் இந்த மரங்களுக்கு ஆறு கைகள், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கோடுகளில் எதிரெதிராக. அந்த ஆறு திசைகளில்தான் வளர ஆசை. வெப்பம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு மிக நெருங்கிய கை வெல்லும், மற்றவை நெரிபட்டு நின்றுபோகும்.

இந்தக் காட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. அடிச்சுவரிலிருந்து நீண்டு வரும் தூண் மணிகள் கடைசிவரை போய்ச் சேருமா? அல்லது அவை வந்து சேரும் முன்பே நடுத்திரவத்தில் புதுக் கருக்கள் விழுந்து, உருண்டை மணிகளாகப் பெருத்து வழியை அடைத்துவிடுமா? வார்ப்படக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ஹண்ட் 1984இல் இதற்கு ஒரு துணிச்சலான விடை சொன்னார். தூண்களின் நுனி வந்து சேரும்போது நடுவில் விழுந்த மணிகள் அங்குள்ள இடத்தில் 49 சதவீதத்தைப் பிடித்திருந்தால் உருண்டைக்கு வெற்றி, ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றால் தூணுக்கு வெற்றி. இரண்டு எண்கள் தெரிந்தால் போதும்: வெப்பநிலைச் சரிவு, முகப்பின் வேகம். சரிவை வேகத்தால் வகுத்தால் மணியின் உருவம் தெரியும். இரண்டையும் பெருக்கினால் குளிரும் வேகம் கிடைக்கும், அதிலிருந்து எவ்வளவு பொடியாக விளையும் என்பது தெரியும். ஊர்ப் பட்டறை வார்ப்புக்கும் லேசர் குட்டைக்கும் ஒரே வரைபடம், நிற்கும் இடம்தான் வேறு. இரண்டு ஆண்டுகளில் குர்ஸ், ஜியோவானோலா, திரிவேதி மூவரும் மிக வேகமாக வளரும் டெண்ட்ரைட்டுக்கும் இந்தக் கணக்கை நீட்டினார்கள்.

வில்ஃப்ரீட் குர்ஸ் இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தில். நம் கதையின் பிரசவ அறை அந்தக் கழகம்தான் என்பேன்.

அங்கேயே மிஷேல் ரப்பாஸும் அவர் மாணவர் ஷார்ல் ஆந்த்ரே காந்தனும் வேறொரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஹண்டின் விடை தூணா உருண்டையா என்று மட்டும் சொல்லும். எந்த மணி எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு பெரிதாக என்று ஒரு படமாகக் காட்டாது. படம் வேண்டுமென்றால் கரு விழும் தற்செயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் எடுத்த கருவி செல்லுலார் ஆட்டோமேட்டா. 1940களில் லாஸ் அலமோஸில் ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நோய்மனும் யோசித்த விளையாட்டு. ஆடுபுலி ஆட்டத்துக்குத் தரையில் கட்டம் போடுவதுபோல வெளியைக் கட்டங்களாகப் பிரித்துவிடு. ஒவ்வொரு கட்டமும் தன் பக்கத்துக் கட்டங்களை மட்டும் பார்த்து, தான் அடுத்து என்ன ஆக வேண்டும் என்று முடிவு செய்யட்டும்.

1993இல் வந்த அவர்கள் கட்டுரையில் விதி இதுதான். தொடக்கத்தில் எல்லாக் கட்டமும் திரவம். குளிரக் குளிர, சில கட்டங்களில் பகடை உருட்டிக் கரு போடு. கருவுக்குத் தற்செயலாக ஒரு திசை கொடு. அதிலிருந்து டெண்ட்ரைட் வளரும் வேகத்தைக் குளிர்ச்சியை வைத்துக் கணக்கிடு. வளர்ந்தது பக்கத்துக் கட்டத்தைத் தொட்டால் அதுவும் அதே மணி. இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் உள்ளே ஒரு திருட்டுக் குழி இருந்தது. படிகம் 30 டிகிரி சாய்ந்து நின்றாலும், கட்டம் கட்டமாகப் பிடிக்கும்போது கொஞ்ச நேரத்தில் அது சாய்வை மறந்து கட்டத்தின் நேர்கோட்டுக்கு வந்துவிடும். வயலில் பயிர் சூரியனைப் பார்க்காமல் வரப்பைப் பார்த்து வளர்ந்த மாதிரி. கணினிப் படம் அழகாகத்தான் இருக்கும், பொய்யாக இருக்கும். பிடிபட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் தாய்ப் படிகத்தின் சாய்விலேயே தனியாக ஒரு குட்டிச் சதுரம் கொடுத்து, அதன் மையத்தைக் கட்டத்தின் மையத்திலிருந்து தள்ளி வைத்து இதைச் சரிசெய்தார்கள். 1997இல் சதுரம் எண்முகியாகி முப்பரிமாணத்துக்கு வந்தது. இன்று உலோக அச்சுக்கு ஓடும் பல நிரல்களின் வயிற்றில் இருப்பது அந்த எண்முகிதான். இந்தத் துறையில் பெரிய பெயர் பெற்ற சமன்பாடுகள் பல உண்டு. எனக்கு இந்தச் சின்னத் திருத்தத்தின் மேல்தான் அதிக மரியாதை. தன் படம் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

இதற்கிடையே 1989இல் ரப்பாஸ் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தாரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்திருந்தார். ஒரே படிகமாக வளர்த்த இரும்பு, நிக்கல், குரோமியக் கலவைத் துண்டை எலக்ட்ரான் கற்றையால் வெல்டிங் செய்தார்கள். எல்லாம் ஒரே படிகம் என்பதால் ஆறு கைகளில் எது எங்கே வென்றது என்பது வெட்டிப் பார்த்ததும் கோடு போட்டதுபோல் தெரிந்தது. குட்டையின் வடிவத்திலிருந்து கைகளைக் கணிக்கலாம், கைகளிலிருந்து குட்டையின் வடிவத்தைத் திரும்பக் கணிக்கலாம்.

எல்லா உறுப்புகளும் கூடிய இடம் விமான எஞ்சினின் டர்பைன் பிளேடு. எஞ்சினின் மிகச் சூடான பகுதியில் சுழலும் பிளேடுகளை ஒரே படிகமாக வார்க்கிறார்கள், மணி எல்லையே இருக்கக் கூடாது என்பதற்காக. அந்த வெப்பத்தில் எல்லைதான் முதலில் கைவிடும். ஆனால் பிளேடின் நுனி தேயும். மிக விலை கூடிய சாமான், தேய்ந்ததும் தூக்கி எறிய மனம் வராது. நுனியில் லேசரால் பொடியை உருக்கி ஊற்றி மறுபடி வளர்த்துவிட்டால் என்ன? வளர்க்கலாம், ஆனால் புதிதாக உறைவது அடியில் இருக்கும் படிகத்தைத் தொடர்ந்தே வளர வேண்டும். நடுவில் ஒரே ஒரு அந்நியக் கரு விழுந்தாலும் எல்லை உண்டாகிவிடும், பிளேடு போயிற்று.

2001இல் லோசானில் கொய்மான், பெசன்சோன், கனாலிஸ், குர்ஸ் நால்வரும் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி சொன்னது. வெப்பத்துக்கு ரோசந்தாலின் சமன்பாடு. நுனி வளரும் வேகத்துக்குக் குர்ஸும் கூட்டாளிகளும் எழுதியது. தூணா உருண்டையா என்பதற்கு ஹண்ட், லேசரின் செங்குத்தான சரிவுக்கு ஏற்பத் திருத்தி. மூன்றையும் கோத்து, லேசரின் பலத்தையும் வேகத்தையும் இந்த எல்லைக்குள் வைத்தால் ஒரே படிகம் தொடரும், மீறினால் சிதறும் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். 1941, 1984, 1986 என்று வெவ்வேறு கவலைகளில் பிறந்த மூன்றும் ஒரே காகிதத்தில் சந்தித்த நாள் அது. அடுக்கடுக்காக உருக்கிக் கட்டும் உலோகத்துக்கு நுண்ணமைப்புக் கணிப்பு பிறந்த நாள் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அதற்குள் ஜெர்மனியின் ஆகன் நகரத்தில் 1995 வாக்கில் தொடங்கிய வேலையில் பொடிப் படுக்கையை லேசர் முழுதாக உருக்கும் அச்சு முறை வந்துவிட்டது. பிளேடுக்காகப் போட்ட கணக்கு அச்சு எந்திரத்துக்காகக் காத்திருந்த மாதிரி ஆயிற்று.

அச்சு எந்திரத்தில் பிரச்சினை தலைகீழ். அங்கே சரிவு மிகச் செங்குத்து, ஒரு மைக்ரான் தள்ளினாலே சில டிகிரி மாறும். ஒவ்வோர் அடுக்கும் கீழ் அடுக்குகளையும் கொஞ்சம் உருக்கிவிட்டு உறைவதால், கீழே வென்ற மணியே மேலேயும் தொடர்கிறது. 40 மைக்ரான் அடுக்குகள் எத்தனையோ தாண்டி ஒரே மணி தூண்போல நிற்கும். விறகுக்கட்டைபோல ஒரு திசையில் வலுவும் இன்னொரு திசையில் பலவீனமும் வரும். அப்படியானால் அந்தத் திசையை நாமே தேர்ந்தெடுக்க முடியுமா?

2015இல் ஓக் ரிட்ஜில் ரயன் டீஹாஃப் தலைமையில் ஒரு குழு இதற்குக் கண்கூடான விடை தந்தது. இன்கோனெல் 718 என்ற நிக்கல் கலவையின் பொடியை எலக்ட்ரான் கற்றையால் அச்சிட்டார்கள். சில இடங்களில் கற்றையை வரிவரியாக ஓட்டாமல் புள்ளி புள்ளியாகத் தாவவிட்டார்கள். சரிவும் வேகமும் மாறின, மணிகளின் திசையும் மாறியது. அப்படி மாற்றி மாற்றி, கட்டியின் உள்ளுக்குள்ளேயே அமெரிக்க எரிசக்தித் துறையின் பெயர்ச் சுருக்கமான டி, ஓ, ஈ என்ற மூன்று எழுத்துகளை எழுதினார்கள். மையும் இல்லை, பள்ளமும் இல்லை, வேறு உலோகமும் இல்லை. கண்ணால் பார்த்தால் ஒரே சாம்பல் கட்டி. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துத் திசைக்கு ஒரு நிறம் என்று கொடுத்தால் எழுத்துகள் எழுந்து நிற்கும். எழுதியது மணிகளின் திசையால்.

அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் சுதர்சனம் சுரேஷ் பாபு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகவியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் உலோக இணைப்பியல் படித்து, கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்தவர். அவரும் வெல்டிங் வழியாகவே இதற்கு வந்தவர். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. அச்சிடுவது என்பது பல ஆயிரம் வெல்டிங் கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவதுதான், வெல்டிங் குட்டையைப் பல ஆண்டு உற்றுப் பார்த்தவர்களுக்கு அது முதலிலேயே தெரிந்திருந்தது.

கருவையும் வசப்படுத்தலாம் என்று 2017இல் கலிஃபோர்னியாவின் எச்.ஆர்.எல். ஆய்வகம் காட்டியது. 7075 போன்ற வலுவான அலுமினியக் கலவைகளை அச்சிட்டால் தூண் மணிகளுக்கு நடுவே கிழிந்துபோகும். கற்கண்டு காய்ச்சுபவர் பாகில் நூல் கட்டித் தொங்கவிடுவார், படிகம் அந்த நூலைப் பிடித்துத்தான் கட்டும். அதுபோலப் பொடியின் மேல் சிர்கோனியம் சார்ந்த மிக நுண்ணிய துகள்களை ஒட்டவைத்தார்கள். உருகிய குட்டையில் எங்கு பார்த்தாலும் நூல். தூண்கள் நீளும் முன்பே உருண்டை மணிகள் நிரம்பின, விரிசல் நின்றது. ஹண்டின் கேள்விக்கு இங்கே உருண்டை வென்றது.

அந்த ஆண்டுகளில்தான் கணிப்பாளர்கள் நாலா பக்கமிருந்தும் அச்சை நோக்கி வந்தார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் கரோலின் கெர்னரின் குழு, குட்டையின் ஓட்டத்தைக் கணக்கிடும் முறையோடு செல்லுலார் ஆட்டோமேட்டாவை 2016இல் இணைத்தது. காந்தத்தை விளக்க ரென்ஃப்ரி பாட்ஸ் 1950களில் எழுதிய மாதிரியைச் சாண்டியா ஆய்வகம் 2017இல் அச்சு மணிகளுக்குத் திருப்பியது. ஜப்பானில் ரியோ கோபயாஷி 1993இல் அழகான கிளைகளாக வளர்த்துக்காட்டிய ஃபேஸ் ஃபீல்டு முறை ஒரு தனி டெண்ட்ரைட்டின் நுனிவரை இறங்கிப் பார்க்கிறது, ஆனால் அதற்கு ஏராளமான கணினி நேரம் வேண்டும்.

எல்லோரும் படம் காட்டத் தொடங்கியதும் எந்தப் படம் உண்மை என்ற கேள்வி வந்தது. விடை தெரிந்த பிறகு கணக்கைச் சரிக்கட்டுவது எளிது. அதனால் அமெரிக்காவின் அளவியல் நிறுவனமான நிஸ்ட் 2018இல் ஏ.எம். பெஞ்ச் என்று ஒரு பரீட்சை வைத்தது. அவர்கள் இன்கோனெல் 625இல் லேசர் கோடு போட்டு, குட்டையின் அகலம், குளிரும் வேகம், நுண்ணமைப்பு எல்லாவற்றையும் அளந்து வைத்துக்கொண்டார்கள். லேசரின் பலம், வேகம் போன்றவற்றை மட்டும் வெளியே சொன்னார்கள். கணிப்பாளர்கள் விடையைப் பார்க்காமல் அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் அளவுகள் வெளிவரும். இந்தத் துறைக்கு நடந்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன்.

ஒரு கன சென்டிமீட்டரை மைக்ரான் கட்டங்களாகப் பிரித்தால் ஒரு லட்சம் கோடி கட்டங்கள். லோசானின் அந்தக் காலத்துக் கணினிக்கு அது கனவு. 2022இல் நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகளைத் தாண்டிய முதல் கணினியாக ஓக் ரிட்ஜின் ஃபிரான்டியர் பெயர் வாங்கியது. அந்த வகைக் கணினிகளுக்கென்றே எழுதிய எக்ஸா-சி.ஏ. என்ற நிரலின் கருவில் இருப்பதும் கரு, திசை, பிடிப்பு என்ற அதே விதிதான்.

இன்னும் பிடிபடாத ஒன்று கரு. எந்தக் குளிர்ச்சியில், கன மில்லிமீட்டருக்கு எத்தனை கரு விழும் என்பதைக் கணிப்பாளர்கள் பெரும்பாலும் சோதனையைப் பார்த்தே பொருத்திக்கொள்கிறார்கள். ரப்பாஸும் காந்தனும் அன்று உருட்டிய பகடை இன்னும் கையில்தான் இருக்கிறது. இதை ஒளிக்காமல் சொல்லும் கட்டுரைகளை நான் நம்புகிறேன். சொல்லாமல் படத்தை மட்டும் பளபளவென்று போடும் கட்டுரைகளை இரண்டாவது முறை படிப்பதில்லை.

கல்லூரியில் உலோகவியல் படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எக்ஸா-சி.ஏ. நிரல் திறந்த மூலம், காசு கேட்பதில்லை, சின்ன அளவில் சாதாரணக் கணினியிலும் ஓட்டலாம். ஓட்டிப் பாருங்கள். ஆனால் கணினி வரைந்த படத்துக்குப் பக்கத்தில், நீங்களே உப்புத்தாளில் தேய்த்து, நீங்களே நைட்டால் தொட்டு எடுத்த ஒரு வெல்டிங் துண்டின் படத்தையும் ஒட்டி வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். அடுத்த வேலை அங்கேதான் இருக்கிறது.